மீட்டர் ஓடாத வீட்டிலிருந்து

மானிய அலுவலகத்தில் விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மைத்துனருக்கு, உன் அக்காவைக் கட்டிய உரிமையில் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். உன் நலமறிய எனக்கு இப்போதைக்கு ஆவல் இல்லை. உன் மனைவியும் குழந்தைகளும் நன்றாக இருக்கட்டும், அவர்கள் என்ன செய்தார்கள் பாவம்.

உன் அலுவலகக் கடிதம் நேற்று வந்தது. எங்கள் வீடு "மின்சிக்கன முன்மாதிரி இல்லம்" என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதாம். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறிப் பாராட்டுப் பத்திரம் வாங்க வேண்டுமாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "எனவே தாங்கள் கூரை வெப்பத்தடுப்பு மானியத்துக்கு இனி எக்காலத்திலும் விண்ணப்பிக்கத் தேவையிராது" என்று ஒரு வரி, அதன் கீழே உன் கையெழுத்து. சின்ன வயதில் உனக்குக் கையெழுத்து நன்றாக வரவில்லை என்று உன் அப்பா வருத்தப்படுவார். இப்போது பளிச்சென்று வந்திருக்கிறது மாப்பிள்ளை. நான் விழாவுக்கு வரமாட்டேன். பத்திரம் வாங்கமாட்டேன். அதைத் தபாலில் அனுப்பினால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்ன நடந்தது என்று தெரியாமல் நீ கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்று உன் அக்கா சொல்கிறாள். ஆகையால் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு வெட்கப்படு.

நான் எதற்காக மானியம் கேட்டேன்? எனக்காகவா? எனக்குக் கீழ்வீடு போதும், ஒரு விசிறி போதும், அதையும் இரண்டாம் எண்ணுக்கு மேல் வைத்ததில்லை. மாடியறை இருக்கிறதே, அதற்குத் தகரக் கூரை என்பது உனக்குத் தெரியும். அங்கேதான் உன் அக்கா தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை மிதிக்கிறாள். கீழே கொண்டுவா என்றால் வெளிச்சம் போதாது என்பாள். விசிறி மாட்டட்டுமா என்று நானும் ஒரு தடவை கேட்டேன், துணி பறக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவள் போன கோடையில் ஒரு நாள் மதியம் மிஷின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். சத்தம் திடீரென்று நின்றது. நான் கீழே இருந்து இரண்டு தரம் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஊரார் வீட்டுப் படிகளை முப்பத்துநாலு வருஷம் ஏறி இறங்கித் தேய்ந்துபோன முட்டியோடு பதினாறு படியையும் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு நாடி பார்க்கச் சொல்லலாம் என்றால் அந்த வாரம் பார்த்து அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நானே தண்ணீர் தெளித்து, நானே நோட்டுப் புத்தகத்தால் வீசி, அவள் கண் திறக்கும்வரை எனக்கு மீட்டரும் ஞாபகமில்லை, யூனிட்டும் ஞாபகமில்லை. பயந்துவிட்டேன் மாப்பிள்ளை. அவள் கண்ணைத் திறந்து "துணியில தண்ணி பட்டிடுச்சா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் உனக்கு ஃபோன் செய்தேன், நீ படிவம் அனுப்பினாய்.

படிவத்தில் ஒரு பொய் எழுதியிருப்பேனா? அறைகள் மூன்று, விளக்குகள் ஐந்து, விசிறி ஒன்று, ஃபிரிட்ஜ் ஒன்று (அதில் உன் அக்கா நூல்கண்டு அடுக்கியிருக்கிறாள் என்பதையும் எழுதினேன்). பரிசோதிக்க ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு கேமரா, அதில் பார்த்தால் எங்கே சூடோ அங்கே சிவப்பாகத் தெரிகிறது. மாடியறைக் கூரைக்குக் காட்டினார், திரை முழுக்க மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். நம் கூரை பாஸ் என்று நினைத்தேன். உன் அக்கா மட்டும் ஏனோ பக்கத்து வீட்டுச் சந்துப் பக்கம் இருக்கிற ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள், நகரச் சொன்னாலும் நகரவில்லை, புது ஆளைக் கண்டால் அவளுக்கு எப்போதும் கூச்சம். அப்புறம் கீழே வந்து பரிசோதகரம்மா மீட்டர் கணக்கைப் பார்த்தார். பார்த்தவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"சார், மாசம் முந்நூறு யூனிட்டுக்கு மேல செலவாகிற வீட்டுக்குத்தான் இந்த மானியம். நீங்க நாப்பதைக்கூடத் தாண்டலையே."

"அதனால?"

"அதனால உங்க வீட்ல மிச்சப்படுத்த ஒண்ணுமே இல்லை சார். ஏற்கெனவே மிச்சமாத்தான் இருக்கு."

"கூரை சிவப்பாத் தெரியுதேம்மா."

"தெரியுது சார். ஆனா ஃபாரத்துல கூரைக்குக் கட்டமே இல்லை. யூனிட்டுக்குத்தான் கட்டம்."

கேட்டாயா நியாயத்தை? ஏசியைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தெருவையே குளிரடிக்கிற எதிர்வீட்டு நகைக்கடைக்காரருக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரைக்கு மெத்தை, எல்லாம் சர்க்கார் செலவில். பகலில் ஒரு பல்பு எரிய விடாத எனக்கு ஒன்றும் கிடையாது. என்னைத் தெருவில் "ஆஃப் சார்" என்று கூப்பிடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும், நீயும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். நான் அதைப் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷம் மீட்டர் ரீடராக இருந்து ஊரார் வீட்டு ஊதாரித்தனத்தைக் குறித்துக்கொண்டு வந்தவன், ரிடயர் ஆன மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு தரம், மாலை ஆறு மணிக்கு ஒரு தரம் நம் வீட்டு மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். இந்தத் தெருவிலேயே குறைந்த ரீடிங் நம்முடையது. அதற்குக் கிடைத்த மரியாதை "தகுதியில்லை".

இதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? ஞாபகம் இல்லையென்றால் நான் சொல்கிறேன். "அத்தான், இதுக்குப் போய் கவலைப்படுவாங்களா? ஒரு மாசம் எல்லாத்தையும் போட்டுவிடுங்க. தாறுமாறா ஓடட்டும். மறு பரிசோதனைக்கு நான் எழுதி வைக்கிறேன்" என்றாய். சொன்னதோடு நிற்காமல் உன் வீட்டுப் பழைய வாட்டர் ஹீட்டரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாய். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீ. என் கொள்கையை என் கையாலேயே கழுத்தை நெரிக்கச் சொன்னாய், உன் அக்கா முகத்தை நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

முதல் நாள் காலை எல்லா விளக்கையும் போட்டேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் எல்லாம் அணைந்திருக்கிறது. மின்சாரம் போய்விட்டதா என்று வெளியே போய்ப் பார்த்தேன், போகவில்லை. நான்தான் குளியலறைக்குப் போகிற வழியில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போயிருக்கிறேன். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை. கடைசியில் உன் அக்கா வந்து எல்லாச் சுவிட்சுக்கும் மேலே துணி ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டாள். அதற்கப்புறம் விளக்குகள் எரிந்தன, ஹீட்டர் கொதித்தது, டிவி யாருமில்லாத அறையில் யாருக்கோ செய்தி வாசித்தது. நான் நடுவில் உட்கார்ந்து என் கைகளை என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பத்தரை மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் இஸ்திரிக்காரர், பால்காரர், எதிர்வீட்டு நகைக்கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர். எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்தது. இஸ்திரிக்காரர் தன் கடை பெஞ்சையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்து பெஞ்சு நழுவி என் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது.

"சார்... நீங்க இருக்கீங்களா?"

"ஏன்யா, நான் எங்க போகணும்?"

"இல்ல சார், பட்டப்பகல்ல உங்க வீட்ல எல்லா லைட்டும் எரியுதா... அப்ப அணைக்க ஆள் இல்லைன்னு ஆயிடுச்சு போலன்னு..."

நகைக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "எடுக்கிறது எத்தனை மணிக்குன்னு அம்மாகிட்டக் கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றார். அதைச் சொன்ன பிறகும் அவர் உடனே போகவில்லை. கூட்டம் கலைய அரைமணி நேரம் ஆயிற்று. வந்ததற்கு டீ போட்டுக் கொடுத்தது யார்? உன் அக்கா. வீங்கிய கட்டைவிரல் யாருடையது? என்னுடையது. நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, விசிறிக்குக் கீழேதான் இருந்திருப்பாய்.

போகட்டும், ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். மீட்டர் முந்நூறைத் தாண்டிய அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. சரி, காரியம் முடிந்தது என்று இருந்தால், மாசக் கடைசியில் ரீடிங் எடுக்க வந்தவன் என் பழைய அசிஸ்டெண்ட். மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேசாமல் மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பெட்டிக்குச் சீல் வைத்தான்.

"டேய், என்னடா பண்றே?"

"சார், நீங்க சொன்ன ரூல்தானே. ரீடிங் திடீர்னு இத்தனை மடங்கு எகிறினா எங்கயோ கசிவு இருக்கு. முதல்ல லைனைக் கட் பண்ணு, அப்புறம் காரணம் கேளு. உங்க வீட்ல இவ்வளவு ஓடுதுன்னா கசிவைத் தவிர வேற என்ன சார் இருக்க முடியும்?"

"கசிவெல்லாம் இல்லைடா."

"அப்ப எப்படி ஓடிச்சுன்னு எழுதிக் கொடுத்துடுங்க சார். இப்பவே மாட்டிடறேன்."

என்ன எழுதிக் கொடுப்பது? "முப்பத்துநாலு வருஷம் இந்த இலாகாவில் வேலை பார்த்த நான், மானியத்துக்காக வேண்டுமென்றே மின்சாரத்தை வீணாக்கினேன்" என்றா? அதற்குப் பதில் இருட்டிலேயே இருந்துவிடலாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கசிவுப் பரிசோதனை செய்கிற பொறியாளர் லீவில் இருக்கிறாராம். இன்றோடு பதினேழு நாள். இந்தக் கடிதத்தைக்கூட ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஃபியூஸ் கட்டை போன ஒன்பதாம் நாள் பார்த்து உன் மறு பரிசோதனை. அதே கேமரா அம்மா. மீட்டரைப் பார்த்தார், அசையவில்லை. போன மாச முந்நூறை என் அசிஸ்டெண்ட் "சந்தேக ரீடிங்" என்று அட்டையில் அடித்துவிட்டிருந்தான், அது கணக்கில் சேராதாம். அறை அறையாகப் பார்த்தார், ஒரு பொட்டு வெளிச்சமில்லை.

"சார், ஒன்பது நாளா ஒரு யூனிட்கூட ஓடலையா?"

"ஓடலை."

"எப்படி சார் சமாளிக்கிறீங்க?"

இந்த இடத்தில் நான் ஃபியூஸ் கட்டை விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மா கேட்ட விதத்தில் ஒரு பிரமிப்பு இருந்தது. அப்படி என்னைப் பார்த்து யாரும் பிரமித்து ரொம்ப நாளாகிறது. "எல்லாம் பழக்கம்தாம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு. அவர் கண் கலங்கிவிட்டது. மாடியில் மிஷின் சத்தம் கேட்டு, "அம்மா இந்த வெயில்லயுமா தைக்கிறாங்க?" என்றார். "அவளுக்கும் பழக்கம்தான்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அதன் பலன்தான் முன்மாதிரி இல்லம்.

இப்போது என் முடிவைக் கேள். உன் பத்திரம் வேண்டாம், உன் மானியமும் வேண்டாம். சிக்கனமாக இருப்பவனைத் தண்டிக்கிற சர்க்காருக்கு முன்னால் நான் கை நீட்டமாட்டேன். இனி ஒரு படிவம் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டாது. கூரைக்கு நானே சாக்கு விரித்துச் சுண்ணாம்பு அடிப்பேன், முட்டி போனால் போகட்டும். உன் அக்காவைப் பார், அவளல்லவா மனுஷி! இந்தப் பதினேழு நாளில் ஒரு முணுமுணுப்பு உண்டா? மின்சாரம் இல்லாத வீட்டில், கொதிக்கிற தகரத்துக்குக் கீழே, பாட்டுப் பாடிக்கொண்டு தைக்கிறாள். பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்கு யூனிஃபார்ம்கூடக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கிறாள், கேட்டால் "அக்கம்பக்கத்துக்கு ஒரு உபகாரம்" என்கிறாள். ஒரு நாள் ஒரு பொழுது அவள் என்னிடம் காற்று வேண்டும் என்று கேட்டதில்லை. இந்த வீட்டின் குறைந்த ரீடிங்கில் பாதிப் பெருமை அவளுடையது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் இருவர் உடம்பிலும் ஓடுவது சிக்கனம். நீயும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே, உனக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போயிற்று?

உன் மனைவிக்கு என் ஆசி. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், அறையைவிட்டு வெளியே வரும்போது விளக்கை அணைக்கட்டும். உன் ஹீட்டரை வந்து எடுத்துக்கொண்டு போ. உன் அக்கா ஏதாவது எழுதச் சொல்கிறாளா என்று மேலே போய்க் கேட்டுவிட்டு வந்து கடிதத்தை ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
யாருக்கும் தலைவணங்காத உன் அத்தான்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம்தான், ஆனால் இத்தனை தாளை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

மேலே போனேன். முட்டி வலியில் மெதுவாக ஏறியதால் சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது. உன் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில், மாப்பிள்ளை! துணி மூட்டைக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன் மூன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஒயர் அந்தச் சந்து ஜன்னல் வழியாக வெளியே போய், நர்ஸம்மா வீட்டு மாடி ஜன்னலுக்குள் நுழைகிறது. இப்படிப்பட்ட ஒயர்களை முப்பத்துநாலு வருஷம் கையும் களவுமாகப் பிடித்தவன் நான்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"நீங்க ரிடயர் ஆன மறுநாள்லேருந்து. எட்டு வருஷம் ஆகப்போவுது. நர்ஸம்மா யூனிஃபார்ம் பின்ன சும்மாவா தைக்கிறேன்?"

போன கோடையில் அவள் மயங்கி விழுந்த வாரம், நர்ஸம்மா மெயினை அணைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் கேட்டிருக்கலாமே, வாங்கித் தந்திருக்கமாட்டேனா என்றேன்.

"தந்திருப்பீங்க. அப்புறம் தினம் ரெண்டு வேளை மீட்டரைப் பாத்துட்டு வந்து என் முகத்தைப் பாப்பீங்க. அதுக்கு வெயிலே தேவலைன்னு இருந்துச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை வெட்கப்படச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன், அதை நானே பட்டேன். கொஞ்ச நேரம் அவள் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கூரை கொதிக்கத்தான் செய்கிறது, விசிறி அந்தச் சூட்டைத்தான் அள்ளி வீசுகிறது. இருந்தாலும் காற்று காற்றுதான். அவள் விசிறியை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

ஆகையால் செய்ய வேண்டியது இது. விழாவை நிறுத்து, இந்த வீடு முன்மாதிரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் இன்றைக்கே என் அசிஸ்டெண்டிடம் போய் அந்த உண்மையை எழுதிக் கொடுத்து ஃபியூஸ் கட்டையை வாங்கிக்கொண்டு வருகிறேன், சிரித்தால் சிரிக்கட்டும். ஒயரை இன்று மாலையே நம் வீட்டு மீட்டருக்கு மாற்றிவிடுவேன். நீ புதுப் படிவம் ஒன்று அனுப்பு, விசிறிக் கட்டத்தில் இந்தத் தடவை இரண்டு என்று எழுதுகிறேன். ஒன்று எழுதியது பொய் என்று எனக்குத் தெரியாது. அப்போதும் முந்நூறு ஆகவில்லை, தகுதியில்லை என்று உன் அலுவலகம் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். உன் அக்கா வருவாள், மிஷினோடு. விசிறிக்கு நேர் கீழே இருக்கிற உன் இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு தைப்பாளாம், நீ எங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்து ஃபைல் பார்க்க வேண்டுமாம். எழுதச் சொன்னது இவ்வளவுதான்.

மற்றபடி, உன் நலமறிய ஆவல்.